அரிசிக்கும் பருப்புக்கும் கிரெடிட் கார்டு எதற்கு?

சென்ற வாரம் நடந்த விவாதத்தைப் பார்த்தவர்களுக்கு நான் எதைப் பற்றி எழுதுகிறேன் என்று தெரிந்திருக்கும். கிரெடிட் கார்டுப் புள்ளிகளில் கிடைத்த இலவச விமானப் பயணச்சீட்டின் படத்தைப் போட்டு, அன்றாடச் செலவுக்குக் கார்டைத் தேய்க்காதவர்கள் எல்லாரும் பத்தாம்பசலிகள் என்று நண்பர் திருவாய் மலர்ந்தருளினார். அதற்கு இத்தனை விருப்பக்குறிகள் விழும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

அந்த விவாதத்தில் நான் சொன்னது ஒன்றே ஒன்றுதான். மாதத்துக்குள் தின்று தீர்த்துவிடும் பொருளைக் கடனில் வாங்கக்கூடாது. பொருள் தீர்ந்த பிறகும் கடன் தீராமல் நிற்கும். அவசர மருத்துவச் செலவைப் பற்றி நான் பேசவேயில்லை. மோசடியிலிருந்து பாதுகாப்பு உண்டு என்கிறார்கள். உண்டு, இணையத்தில் வாங்குபவர்கள் வைத்துக்கொள்ளட்டும். அரிசி பருப்புக்கு அது எதற்கு?

கார்டு பில்லின் முழுத்தொகையையும் கெடுவுக்குள் கட்டிவிட்டால் வட்டியே இல்லையே என்பவர்களுக்கு: வட்டி இல்லைதான், ஆனால் செலவு கூடுகிறது. விளையாட்டுப் போட்டிக்கான நுழைவுச்சீட்டுகளை ஏலம் விட்டு ப்ரெலெக், சிமெஸ்டர் என்னும் இரு ஆய்வாளர்கள் 2001இல் வெளியிட்ட ஆய்வில், கார்டில் கட்டலாம் என்று சொல்லப்பட்டவர்கள் ரொக்கக்காரர்களைவிட இருமடங்கு வரை ஏலம் கேட்டிருந்தார்கள். கைவிட்டுப் போகும் நோட்டு உறுத்துகிறது, கார்டு உறுத்துவதில்லை. அந்த இலவசப் புள்ளிகளும் வானத்திலிருந்து விழவில்லை. ஒவ்வொரு தேய்ப்புக்கும் கடைக்காரர் கட்டணம் கொடுக்கிறார், அதை விலையில் ஏற்றுகிறார், ரொக்கம் கொடுக்கும் நானும் அதே விலையைத்தான் கொடுக்கிறேன். அந்தப் பயணச்சீட்டில் பத்தாம்பசலிகளின் காசும் இருக்கிறது ஐயா!

அடுத்து, கட்டுப்பாடு இல்லாதவர்கள்தான் மாட்டிக்கொள்வார்கள் என்கிறார்கள். என்னை மிகவும் புண்படுத்தியது இதுதான். என் அக்காவின் கணவர் மாதம் தவறாமல் முழுத்தொகையையும் கட்டிவந்தவர். ஒரு மாதம் சம்பளம் தாமதமானதால் பாதியைத்தான் அவரால் கட்ட முடிந்தது. வாங்கிய நாளிலிருந்தே வட்டி கணக்கிடப்பட்டது. அது போதாதென்று, அதன்பின் வாங்கிய மளிகைக்கும் வட்டியில்லா நாட்கள் கிடைக்காமல், தேய்த்த அன்றே வட்டி ஓடத் தொடங்கியது. இந்த விதியை யாரும் அவருக்கு வாய்விட்டுச் சொல்லவில்லை. 'மினிமம் டியூ', அதாவது குறைந்தபட்சத் தொகை, கட்டினால் போதும் என்று மட்டும் வங்கிக்காரர்கள் அன்பாக நினைவூட்டிக்கொண்டே இருந்தார்கள்.

அந்த அன்பின் கணக்கையும் பார்த்துவிடுவோம். வட்டி மாதம் 3 சதவீதம், மாதாமாதம் கட்டும் குறைந்தபட்சத் தொகை நிலுவையில் 5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். கடன் 100 பங்கு என்றால், புதிதாக எதுவுமே வாங்காமல் ஓராண்டு கட்டிய பிறகு ஏறத்தாழ 55 பங்கு கையைவிட்டுப் போயிருக்கும். கடனில் இன்னும் 77 பங்கு மிச்சமிருக்கும். என்றோ தின்று முடித்த பருப்புக்கு!

இதில் எங்கே வந்தது கட்டுப்பாடு? எல்லாருக்கும் சம்பளம் குறித்த நாளில் வந்துவிடுகிறதா? அப்படிச் சம்பளம் வருகிறவர்கள் கொடுத்துவைத்தவர்கள், அதைத் தங்கள் ஒழுக்கம் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

அத்தான் இந்தப் பதிவையும் படிப்பார். ஆகவே அந்தக் 'கட்டுப்பாடு' உபதேசத்தை இங்கே எழுதுபவர்களின் பின்னூட்டங்களை நீக்கிவிடுவேன், கருத்துச் சுதந்திரம் என்று என்னிடம் வர வேண்டாம்.