நம்மையும் மறக்க வைக்கிற படம்

ஜோனாஸ் ஆகர்லுண்டின் 'ஸ்பன்' (2002) பற்றிப் பேச்சு வந்தாலே யாராவது ஒருவர் "அது படமே இல்லை, நீளமான மியூசிக் வீடியோ" என்று ஆரம்பித்துவிடுகிறார். மடோனாவின் 'ரே ஆஃப் லைட்' வீடியோவை எடுத்த ஆள்தான், மறுக்கவில்லை. ஒரு ஷாட்டிலிருந்து அடுத்ததற்குத் தாவுகிற வெட்டுகள் மொத்தம் 5,000-க்கு மேல் என்று சொல்வார்கள். எண்ணிப் பார்க்க எனக்குப் பொறுமை இல்லை, ஆனால் நம்பலாம். விரிகிற கண்மணி, கார்ட்டூன், கிறீச்சென்ற சத்தம், ஒரு ஷாட் கண்ணில் பதிவதற்குள் அடுத்தது.

அந்த வேகம் வெறும் பந்தா இல்லை என்பதுதான் என் கட்சி. மெத் என்கிற போதையில் தூக்கமே இல்லாமல் சில நாட்களை ஓட்டுகிற கும்பலின் கதை இது. ராஸ் (ஜேசன் ஷ்வார்ட்ஸ்மன்), மெத் காய்ச்சுகிற 'குக்'குக்கு (மிக்கி ரூர்க்) டிரைவராக அலைகிறான். கூலியும் அதே சரக்குதான். நடுவில் ஏப்ரல் என்ற பெண்ணைக் கட்டிலில் கட்டிப்போட்டு, வாயில் டேப் ஒட்டியபடியே விட்டுவிட்டு, "இதோ வந்துடறேன்" என்கிற தினுசில் கிளம்பிப் போய்விடுகிறான். சிடி ஒரே இடத்தில் சிக்கித் திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டே இருக்கிறது.

அப்புறம் பச்சை நிறமாகிப்போன நாய் வருகிறது, டிவி கேமராவைக் கூட்டிக்கொண்டு ரெய்டு வருகிற போலீஸ் வருகிறது, நாமும் விழுந்து விழுந்து சிரிக்கிறோம். திடீரென்று அந்த அறைக்கு வெட்டும்போதுதான் உறைக்கிறது: அவளை ராஸ் மட்டுமா மறந்தான்? நாமும்தானே. அடிமைத்தனம் இப்படித்தான் இருக்கும் என்று இவ்வளவு நேரடியாக எனக்குப் புரியவைத்த வேறு படம் இல்லை. 'ரெக்வியம் ஃபார் எ ட்ரீம்' (2000) படத்திலும் இதே கண்மணி, இதே வெட்டு உண்டு. ஆனால் அது ஒவ்வொரு நிமிடமும் நம்மை அழச் சொல்கிறது. இது சிரிக்க விட்டுப் பிடிக்கிறது.

குறையே இல்லையா என்றால், இருக்கிறது. ஏப்ரலுக்குச் சொல்லும்படி வசனமும் இல்லை, வாழ்க்கையும் இல்லை. அவளை மறந்ததற்காக நம்மைக் குத்துகிற படம், தானும் அவளைச் சாமான் மாதிரிதான் வைத்திருக்கிறது. குக்கின் காதலியாக வருகிற பிரிட்டனி மர்ஃபியின் நிக்கி மட்டும் தப்பித்தாள், அதுவும் மர்ஃபி தந்த உயிரால். ரூர்க் நீளமாகப் பேச ஆரம்பிக்கிற இடங்களில் படம் தொய்கிறது.

இன்னொன்று. சளி மாத்திரையை வாங்கிவந்து, அதிலிருந்தே மோட்டல் அறையில் மெத் காய்ச்சிய காலத்தின் பதிவு இது. 2006-ல் வந்த அமெரிக்கச் சட்டம் அந்த மாத்திரைகளைக் கடைக் கவுண்டருக்குப் பின்னால் தள்ளியது, இஷ்டத்துக்கு அள்ளிக்கொண்டு போக முடியாமல் ஆனது. சரக்கு நின்றுவிடவில்லை, மெக்சிகோவிலிருந்து வந்தது. இந்தக் குக் மாதிரி சில்லறை ஆட்களுக்குத்தான் பிழைப்பு போனது.

பார்க்கப் போகிறவர்கள் தட்டில் சோறு போட்டுக்கொண்டு உட்கார வேண்டாம். இதில் நடித்த மீனா சுவாரியின் சொத்தைப் பற்களை அவ்வளவு கிட்டத்தில் காட்டுகிறார்கள். கழிவறைக் காட்சியைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை.