பெட்ரோல் லைனை எக்ஸாஸ்ட் மேல கொண்டுபோகாதீங்கய்யா!

வயிறு எரிகிறது. ஐம்பது, அறுபது வருஷத்துக் காரை ஆசை ஆசையாய் வாங்குகிறார்கள். ஆயிரக்கணக்கில் பவுண்டு கொட்டிப் பெயின்ட் அடிக்கிறார்கள், பம்பருக்குக் குரோம் பூசுகிறார்கள், சீட்டுக்குப் புதுத் தோல் தைக்கிறார்கள், கம்பிச் சக்கரத்தை ஒவ்வொரு கம்பியாய்த் தேய்த்து மினுக்குகிறார்கள். எல்லாம் முடிந்தபின் டேங்கிலிருந்து கார்புரேட்டருக்கு, அதாவது பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கிற பாகத்துக்கு, பெட்ரோல் கொண்டுபோகும் லைனை மட்டும் கடனே என்று இழுத்து, கிடைத்த இடத்தில் ஒரு பிளாஸ்டிக் டை போட்டுக் கட்டிவிட்டுப் போகிறார்கள். நாளைக்குத் தீப்பிடித்தால் அந்தக் குரோமும் தோலும் எதற்கு ஆகும்?

நான் பேசுவது எம்ஜிபி பற்றி. இங்கிலாந்தில் ஆபிங்டன் தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்து தள்ளிய கார். இன்றைக்கும் பிரிட்டனில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வேண்டும் என்று கிளம்புகிற நடுத்தரக் குடும்பத்து ஆள் கடைசியில் வந்து நிற்பது பெரும்பாலும் இதனிடம்தான். பாகம் கிடைக்கும், எஞ்சின் எளிது, வீட்டு வாசலில் வைத்தே வேலை பார்க்கலாம். எளிதாக இருப்பதாலேயே இதில் கைவைக்க யாருக்கும் பயமில்லை. அங்கேதான் வினை.

இந்தக் காரின் 1798 சிசி எஞ்சினில் பெட்ரோல் உள்ளே போகிற வழியும் புகை வெளியே வருகிற வழியும் ஒரே பக்கம், இடது பக்கம். மேலே எஸ்யூ என்கிற கம்பெனியின் கார்புரேட்டர் இரண்டு. அதற்கு நேர் கீழே எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட், எஞ்சினின் சூட்டுப் புகையை வாங்கி வெளியே அனுப்புகிற இரும்புக் குழாய். ஓடி நிறுத்திய வண்டியில் அந்த இரும்பு பல நூறு டிகிரி சூட்டில் இருக்கும். பெட்ரோலோ மைனஸ் நாற்பது டிகிரிக் குளிரிலேயே தீப்பற்றுகிற அளவுக்கு ஆவி விடுகிற சரக்கு. இரண்டையும் இத்தனை கிட்டத்தில் வைத்தபோது ஆபிங்டன்காரர்களுக்கு அந்த ஆபத்து தெரிந்தே இருந்தது. அதனால்தான் நடுவில் வெப்பத் தடுப்புத் தகடு வைத்தார்கள், கார்புரேட்டருக்குப் பின்னால் சூடு கடத்தாத தடித்த ஸ்பேசர் வைத்தார்கள். மின்பொறியைப் பங்கிட்டு அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர், ஸ்டார்ட்டர் மோட்டார் எல்லாம் எதிர்ப்பக்கம். பொறி பறக்கிற சாமான் வலப்பக்கம், பெட்ரோல் இடப்பக்கம். வரைபடம் போட்ட ஆள் யோசித்துத்தான் போட்டிருக்கிறான். அவன் யோசித்ததை ஒரு மத்தியான வேலையில் கலைத்துப் போட இவர்களுக்கு என்ன உரிமை?

என் நண்பர் ஒருவர், வயதில் சின்னவர், போன கோடையில் ஒரு எம்ஜிபி வாங்கினார். முழுசாகப் புதுப்பித்தது என்று சொல்லி, கத்தையாகப் பில்லும் கொடுத்திருந்தார்கள். வெயில் நாளில் அரை மணி நேரம் ஓட்டிவிட்டுக் கடை வாசலில் நிறுத்தினால் மறுபடி ஸ்டார்ட் ஆகமாட்டேன் என்கிறது. "அண்ணா, இந்தப் பழைய கார்புரேட்டரே இப்படித்தானாம், இப்ப வர்ற பெட்ரோல் இதுக்கு ஒத்துக்காதாம், அந்த ஒர்க்‌ஷாப்ல சொல்லிட்டாங்க" என்றார். "இருங்க தம்பி, பானெட்டைத் திறங்க" என்றேன்.

திறந்ததும் பார்த்தது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. பின்னாலிருந்து வரும் இரும்புக் குழாய் முடிகிற இடத்திலிருந்து ஒரு ரப்பர் ஹோஸ். அது தடுப்புத் தகட்டுக்குப் பின்னால் ஒதுங்கிப் போகவேண்டியது. போகவில்லை. தகட்டின் விளிம்பைத் தாண்டி, மேனிஃபோல்டுக்கு இரண்டு விரல் உயரத்தில் தொய்ந்து தொங்கியது. அந்தத் தொய்வில் ஒரு கண்ணாடி ஃபில்டர், இரு முனையும் திருகு மூடி, உள்ளே பெட்ரோல் கொதித்துக் குமிழி விடுவது வெளியிலேயே தெரிகிறது. ஹோஸ் ஆடக்கூடாதென்று அதை ஆக்ஸிலரேட்டர் கம்பியோடு சேர்த்து டை போட்டிருக்கிறார்கள்! மிதிக்கும்போதெல்லாம் அந்த டை ஹோஸை இழுக்கிறது. நகத்தால் அழுத்திப் பார்த்தேன். கீழ்ப்பக்கம், சூடு படுகிற பக்கம் முழுக்க மயிரிழை மயிரிழையாக வெடிப்பு. வெள்ளைத் துணியை ஒற்றி எடுத்தால் பெட்ரோல் வாடை. அந்த வண்டியில்தான் அவர் குழந்தையைப் பக்கத்து சீட்டில் உட்காரவைத்து ஓட்டிக்கொண்டிருந்தார்.

அந்த ஒர்க்‌ஷாப்புக்குப் போன் போட்டுக் கேட்டோம். குட்டையான வழியாகப் பார்த்துப் போட்டோம், எல்லோரும் இப்படித்தான் போடுகிறார்கள் என்றார் ஒருவர், குரலில் ஒரு பதற்றமும் இல்லாமல். பெட்ரோல் லைனில் குட்டை வழி என்ன வேண்டிக்கிடக்கிறது? பத்து சென்டிமீட்டர் ஹோஸ் மிச்சம் பிடித்து யாருக்கு என்ன லாபம்? சூட்டை விட்டு விலகிப் போகிற வழிதான் வழி. அது ஒரு முழம் கூடுதலானாலும் அதில்தான் போகவேண்டும்.

சூட்டில் ஸ்டார்ட் ஆகாததற்கும் காரணம் அந்த ஹோஸ்தான். வண்டி நின்றதும் காற்றோட்டமும் நின்றுவிடும், மேனிஃபோல்டின் சூடெல்லாம் மேலே ஏறும். லைனில் நிற்கிற பெட்ரோல் ஆவியாகிவிட்டால் கார்புரேட்டருக்குப் போவது வெறும் குமிழிதான். பழி மட்டும் எஸ்யூ கார்புரேட்டர் தலையில். ஹோஸை மாற்றி, தகட்டுக்குப் பின்னால் ஒதுக்கி, அந்தக் கண்ணாடி ஃபில்டரைக் கழற்றி எறிந்த பிறகு அதே கார்புரேட்டர், அதே பெட்ரோல், அதே வெயிலில் ஒரே திருப்பில் எடுத்தது.

இன்னொரு கொடுமை, ஓவர்ஃப்ளோ குழாய். கார்புரேட்டரின் மிதவைக் கிண்ணம் நிறைந்ததும் பெட்ரோல் வரத்தை அடைக்கிற ஊசி வால்வில் தூசி மாட்டினால் பெட்ரோல் பொங்கும். பொங்குவது எக்ஸாஸ்டில் விழாமல் தரைக்குப் போகட்டும் என்று இரண்டு சின்னக் குழாயை எஞ்சின் ஓரமாகக் கீழே வரை இறக்கியிருப்பார்கள். நண்பர் வண்டியில் அந்த இரண்டுமே இல்லை. எதற்கென்று தெரியாததால் கழற்றிப் போட்டுவிட்டார்கள் போல. தெரியாவிட்டால் கேளுங்கள், இல்லை இருக்கிறபடி விடுங்கள். ஒரு பாகம் எதற்கென்று தெரியாத கை அதைக் கழற்றக்கூடாது.

அடுத்து ஹோஸ் விற்கிறவர்கள். 2021 செப்டம்பரிலிருந்து பிரிட்டனில் சாதாரண பெட்ரோல் என்றாலே ஈ10, பத்து சதவீதம் வரை எத்தனால். பழைய ரப்பரை அது அரித்துக் கெடுக்கும், பெட்ரோலின் ஆவி அழுத்தத்தையும் கொஞ்சம் ஏற்றும். அதற்காகத்தான் ஆர்9 என்கிற தரத்தில், உட்புறம் ஃபுளோரோ ரப்பர் வைத்த ஹோஸ் வருகிறது. ஆனால் ஆன்லைனில் ஆர்9 என்று அச்சடித்து விற்கிற கண்ட சரக்கும் இருக்கிறது. நான் ஒன்றை வாங்கி, மாட்டாமல், பெட்ரோலில் ஊறப்போட்டு வைத்தேன். சில வாரத்தில் எழுத்து கையோடு வந்தது, வளைத்தால் பிளந்தது. இப்படிப்பட்டதை விற்கிறவனுக்கு மனசாட்சி என்று ஒன்று இருக்கிறதா? யாரோ ஒருவர் இதை நம்பி மாட்டிக்கொண்டு நெடுஞ்சாலையில் போகிறாரே! விற்றவர் பெயர் தெரிந்த, தயாரித்தவர் பெயரும் தேதியும் அச்சிட்ட ஹோஸைத் தவிர வேறெதையும் தொடாதீர்கள். நம்மூரிலும் இப்போது ஈ20 வந்துவிட்டது. கார்புரேட்டர் வைத்த பழைய வண்டி வீட்டில் நிற்கிறதென்றால் அதன் ஹோஸையும் ஒருமுறை வளைத்துப் பாருங்கள்.

ஸ்டீல் பின்னல் போட்ட ஹோஸைக் கண்டாலே எனக்குக் கோபம் வருகிறது. பானெட்டைத் திறந்தால் பளபளவென்று இருக்கும், வாங்க வருகிறவர் மயங்கிவிடுவார். உள்ளே ரப்பர் வெடித்திருந்தால் வெளியிலிருந்து தெரியவே தெரியாது. போதாததற்கு அந்தப் பின்னல் எதில் உரசினாலும் அறுக்கும், பக்கத்தில் போகிற ஒயர் உட்பட. சாதா கறுப்பு ஹோஸ் போதும். அது கெட்டால் கெட்டதைக் காட்டிக்கொடுக்கும்.

கிளிப்பையும் சொல்லிவிடுகிறேன். பட்டையில் துளை வெட்டிய கிளிப்பை இந்தச் சின்ன ஹோஸில் இறுக்கினால் ரப்பர் அந்தத் துளைக்குள் பிதுங்கி அறுபடும். விளிம்பு மடித்த, துளையில்லாத சின்ன கிளிப் என்று தனியாகவே விற்கிறது, விலை சில்லறைக் காசு. குழாய் முனையில் ஹோஸைப் பிடித்துக்கொள்ளும் வரம்பு எடுக்காமல் வழவழவென்று வெட்டியபடியே ஹோஸைச் செருகுகிறார்கள், அது எப்போது வேண்டுமானாலும் நழுவும். கால் அங்குலக் குழாய்க்கும் 5/16 அங்குலக் குழாய்க்கும் ஒரே ஹோஸை மாட்டி, பெரிதாக இருக்கிற முனையைக் கிளிப்பால் நெரித்துச் சமாளிக்கிறார்கள். காருக்கு அடியில் ஓடும் நீளக் குழாய்க்குச் சாதாரணச் செம்பைப் போட்டுவிடுகிறார்கள். அதிர்வில் செம்பு இறுகி விரிசல் விடும். செம்பு நிக்கல் கலந்த குழாய் கடையில் கிடைக்கிறதே, அதை வாங்க என்ன கேடு? அதையும் ஒரு முழத்துக்கு ஒரு ரப்பர் வைத்த கிளிப்பால் பிடிக்கவேண்டும், ஜாக் வைக்கிற இடத்தை விட்டு ஒதுக்கவேண்டும்.

பம்ப்பை இடம் மாற்றுகிறவர்களை என்ன சொல்ல! எம்ஜிபியின் எஸ்யூ எலெக்ட்ரிக் பம்ப் பின்னால், டேங்க் பக்கத்தில் இருக்கிறது. அங்கிருந்து முன்னால் தள்ளுகிறது. தள்ளும்போது லைன் முழுக்க அழுத்தத்தில் இருக்கும், பெட்ரோல் லேசில் ஆவியாகாது. இவர்கள் கைக்கு எட்டவேண்டும் என்று அதை எஞ்சின் அறைக்குள் கொண்டுவந்து வைக்கிறார்கள். உறிஞ்சும்போது லைனில் அழுத்தம் இறங்கும், ஆவியாவது இன்னும் சுலபமாகும். அதோடு அதிக அழுத்தம் தாங்காத ஊசி வால்வுக்கு முன்னால் அதைவிட வேகமாக அடிக்கிற மலிவு பம்ப். கிண்ணம் பொங்காமல் என்ன செய்யும்?

இதையெல்லாம் பார்க்க ஆளில்லை என்பதுதான் எனக்குப் பெரிய பயம். 2018 மே மாதத்திலிருந்து பிரிட்டனில் நாற்பது வயது தாண்டிய கார், பெரிய மாற்றம் செய்யாத வரைக்கும், எம்ஓடி என்கிற வருடாந்தரத் தகுதிச் சோதனைக்குப் போகவேண்டியதில்லை. எம்ஜிபி அத்தனையும் அந்த வயதைத் தாண்டியாயிற்று. வருஷத்துக்கு ஒருமுறையாவது ஒரு மூன்றாம் ஆள் காருக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்த காலம் போய்விட்டது. சட்டம் விலக்குத் தந்தால் தரட்டும், நீங்களாகக் காசு கொடுத்து அந்தச் சோதனையைச் செய்துகொள்ள யாரும் தடுக்கவில்லை.

சாவியை முதல் திருப்புத் திருப்பி, எஞ்சினை எடுக்காமல் காது கொடுத்துக் கேளுங்கள். பம்ப் டிக்டிக்கென்று அடித்து, கிண்ணம் நிறைந்ததும் நின்றுவிட வேண்டும். நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தால் பெட்ரோல் எங்கோ வெளியே போகிறது என்று வைத்துக்கொண்டு உடனே அணையுங்கள். பழைய குரோம் பம்பர் வண்டியில், மோதினால் பம்ப்பை நிறுத்துகிற சுவிட்ச் கிடையாது. ஹோஸ் அறுந்தாலும் சாவி போட்டிருக்கிற வரைக்கும் அது பாட்டுக்கு எக்ஸாஸ்ட் மேல் ஊற்றிக்கொண்டிருக்கும். அந்த சுவிட்ச்சைத் தனியாக வாங்கி மாட்டலாம், நண்பர் வண்டியில் மாட்டிவிட்டோம்.

அவர் வாங்கிய பில் கத்தையில் எரிபொருள் லைன் முழுவதும் மாற்றியது என்று ஒரு வரி இருக்கிறது, அதற்குக் கூலியும் தனியாகப் போட்டிருக்கிறார்கள். அந்தப் பணத்தைத் திருப்பிக் கேட்டு, வெடித்த ஹோஸின் படத்தையும் வைத்து எழுதியிருக்கிறோம். இன்றுவரை பதில் இல்லை. அதே ஒர்க்‌ஷாப்பில் இந்த வாரம் இன்னொரு எம்ஜிபி விற்பனைக்கு நிற்கிறது. விளம்பரத்தில் பானெட் திறந்த படம் போட்டிருக்கிறார்கள், பெரிதாக்கிப் பார்த்தேன். அதே தொய்வு, அதே கண்ணாடி ஃபில்டர்.