பார்க்க நல்லாத்தானே இருக்கா?

சொந்தக்காரர்களுக்கும் நண்பர்களுக்கும் தனித்தனியாகச் சொல்லிச் சலித்துவிட்டது. அதனால் இங்கே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் மகள், பாப்பா, வண்டியிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டு 16 மாதம் ஆகிறது. ஓட்டியது நான். என் தலையில் ஹெல்மெட் இருந்தது, பின்னால் உட்கார்ந்திருந்த அவள் தலையில் இல்லை. 4 வயதுக்கு மேல் யாராக இருந்தாலும் ஹெல்மெட் போட வேண்டும் என்பது சட்டம். அவளுக்கு அப்போது 12. பக்கத்துத் தெரு டியூஷன்தானே என்று நினைத்தேன். இதைப் பற்றி இதற்கு மேல் என்னால் எழுத முடியாது.

விபத்தில் அடிபட்டவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே இலவசமாகப் பார்க்கும் திட்டம் 2021 டிசம்பரில் தமிழ்நாட்டில் வந்தது. அந்த இரண்டு நாளும் பணத்துக்காக நான் யார் வீட்டு வாசலிலும் நிற்கவில்லை. அது யார் கொண்டுவந்தது என்று கமென்ட்டில் சண்டை போடாதீர்கள், நான் சொல்லவருவது அதற்கு அப்புறம் நடந்ததை.

நினைவு எந்த அளவில் இருக்கிறது என்று கேட்டபோது "15க்கு 7" என்றார் டாக்டர். பரீட்சை மார்க் மாதிரி மனதில் கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கில் பூஜ்யமே கிடையாது, அடிமட்டமே 3 என்பது பிறகுதான் தெரிந்தது. மண்டையோட்டில் ஒரு துண்டை எடுத்து, மூளை வீக்கம் வடியும்வரை வயிற்றுத் தோலுக்கடியில் வைத்துத் தைத்தார்கள். மூன்று மாதம் கழித்து அதை எடுத்து மறுபடி தலையில் பொருத்தினார்கள். பிழைத்துவிட்டாள். குலதெய்வத்துக்குப் பொங்கல் வைத்தோம்.

வீட்டுக்கு அனுப்பும்போது கையில் கொடுத்த நான்கு பக்கத்தில் மூன்றரைப் பக்கம் மாத்திரை, ஸ்கேன் விவரம். கடைசியில் ஒரு வரி: "பிசியோதெரபி தொடரவும்." உயிரைக் காப்பாற்ற இருபது பேர் ஓடினார்கள், அவர்களை ஒரு நாளும் மறக்க மாட்டேன். ஆனால் அந்தப் பிள்ளையைத் திரும்ப ஒரு பிள்ளையாக ஆக்கும் வேலை மொத்தத்தையும் அந்த ஒரு வரியில் எழுதி, அவள் அம்மா கையில் கொடுத்துவிட்டார்கள். என் மனைவி துணிக்கடை வேலையை விட்டது அந்த வாரம்தான்.

கால் சீக்கிரமே வந்துவிட்டது. மக்களைத் தேடி மருத்துவத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வந்தார், ஐந்தாவது மாதம் மாடிப்படி ஏறினாள். அன்றோடு ஊர் விசாரிப்பதை நிறுத்திக்கொண்டது. "பார்க்க நல்லாத்தானே இருக்கா, அப்புறம் என்ன?"

அப்புறம்தான் எல்லாமே. தயிர் என்ற சொல் வரவில்லை, "வெள்ளைச் சட்னி" என்றாள். முதலில் சிரித்தோம், பிறகு சிரிக்கவில்லை. டீ போடத் தெரிந்த பெண். பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றுவாள், தூள் போடுவாள், சர்க்கரை போடுவாள், அடுப்பைப் பற்றவைக்காமல் அப்படியே பார்த்துக்கொண்டு நிற்பாள். என்னவோ செய்ய வேண்டும் என்று தெரிகிறது, எது என்று தெரியவில்லை. நான் குறுக்கே புகுந்து லைட்டரை எடுத்தேன். கூட இருந்த ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் பெண் (அன்றாட வேலைகளைத் திரும்பச் செய்யப் பழக்குபவர்) என் கையைப் பிடித்து, "சார், பத்து எண்ணுங்க" என்றார். எண்ணினேன். ஏழில் அவளே லைட்டரைத் தேடினாள். அந்த ஏழு நொடி சும்மா நிற்க எனக்கு யாரும் அதுவரை கற்றுத்தரவில்லை. ஆறு மாதம் எல்லாவற்றையும் நானே செய்துகொடுத்து, அவளுக்குக் கிடைக்க வேண்டிய பயிற்சியை நானே தின்றிருக்கிறேன்.

அந்தத் தெரபிஸ்ட்டைப் பார்க்க மாதம் இரண்டு முறை பஸ் ஏறுகிறோம். ஸ்பீச் தெரபியும் அங்கேதான். எங்கள் ஊர்ப் பக்கம் இரண்டும் கிடையாது.

இத்தனைக்கும் நமக்கு இது புதிதில்லை. 1954இல் ஒரு சாலை விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு, சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே அறுவை சிகிச்சை செய்தவர் டாக்டர் மேரி வர்கீஸ். பிறகு அமெரிக்கா போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். அவர் முயற்சியில்தான் 1966இல் வேலூர் பாகாயத்தில் சிஎம்சியின் மறுவாழ்வு நிலையம் வந்தது. அறுபது வருஷம் ஆகிறது. ஒவ்வொரு மாவட்டத் தலைநகரிலும் அதில் கால்வாசியாவது இருக்க வேண்டாமா?

பள்ளிக்கூடக் கதை தனி. பரீட்சையில் கூடுதல் நேரம் கேட்டால் மாற்றுத்திறனாளி சான்று வேண்டும் என்கிறார்கள். 2016 சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகள் இருக்கின்றன. தலைக்காயம் என்று தனியாக ஒன்று இல்லை. கை கால் ஓடுகிறது, அதனால் அவர்கள் கேட்கும் 40 சதவீதக் குறைபாடு வராது. அறிவுத்திறன் சோதனையில் சராசரி, அதனால் அந்தக் கட்டத்திலும் சேராது. நாள்பட்ட நரம்பியல் நிலை என்ற தலைப்பில் முயன்று பாருங்கள் என்றார் ஒருவர், பார்த்துக்கொண்டிருக்கிறோம். அமெரிக்காவில் சிறப்புக் கல்விச் சட்டத்தில் தலைக்காயத்தை 1990லேயே தனி வகையாகச் சேர்த்துவிட்டார்கள்.

மதியம் மூன்றாவது பீரியடுக்கு மேல் அவள் மூளை களைத்துவிடும். போனில் சார்ஜ் இறங்குகிற மாதிரி. அப்போது கேட்டால் பதில் வராது, வற்புறுத்தினால் கத்துவாள். டீச்சர் அதற்கு வைத்த பெயர் திமிர். என் மாமியார் வைத்த பெயர் செல்லம். முன்மூளை அடிபட்டால் கோபத்துக்குப் பிரேக் இருக்காது என்று இருவருக்கும் சொல்லிப் பார்த்தேன். தாயத்து ஒன்று வந்தது. கட்டிக்கொண்டாள், நீலக்கயிறு பிடித்திருக்கிறதாம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். முன்மூளை முழுதாக வளர இருபது வயதுக்கு மேல் ஆகும். சின்ன வயதில் அங்கே பட்ட அடி, அந்தப் பகுதிக்கு வேலை வரும்போதுதான் முழுசாகத் தெரியும். திட்டம் போடுவது, காசைக் கையாளுவது, ஆள் பார்த்துப் பழகுவது எல்லாம் இனிமேல் வரப்போகிற பாடங்கள். "எப்போ முழுசா சரியாகும்?" என்று கேட்பவர்களுக்கு நான் வாயைத் திறக்காமல் இருப்பது இதனால்தான், தலைக்கனம் இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வரும் ஞாயிறு சித்தப்பா வீட்டுக் கல்யாணத்துக்கு மூன்று பேரும் வருகிறோம். மேளத்துக்குப் பக்கத்தில் உட்கார மாட்டோம், அவள் காதில் பஞ்சு இருக்கும். "என்னைத் தெரியுதா, பேரைச் சொல்லு பார்ப்போம்" என்று யாரும் அவளுக்குப் பரீட்சை வைக்க வேண்டாம், உங்கள் பேரை நீங்களே சொல்லிவிடுங்கள். தாலி கட்டியதும் கிளம்பிவிடுவோம். வாசலில் மறித்துக் கோபித்துக்கொள்ளாதீர்கள். சாப்பாட்டைக் கட்டிக் கொடுத்தால் வாங்கிக்கொள்கிறோம், அவளுக்கு ஜாங்கிரி இரண்டு கூடுதலாக.