சதுப்பை வடித்துவிட்டால் மீத்தேன் நின்றுவிடுமா?

பிசான நெல் பருவத்துக்குத் தொழி அடித்து (சேறாக உழுது) வைத்த வயலில் குழை மிதித்துப் பழகியவர்களுக்கு அந்தக் குமிழி தெரியும். கொழுஞ்சியும் வேப்பங்குழையும் போட்டு, ஒரு வாரம் பத்து நாள் தண்ணீர் கட்டிய வயலில் காலை வைத்தால், குதிங்காலின் இரு பக்கமும் குபுகுபுவென்று காற்று கிளம்பி, நீர்ப்பரப்பில் கொஞ்ச நேரம் நின்று உடையும். கூடவே அழுகல் நாற்றமும் வரும். சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் எங்களுக்கு இருக்கும் சிறு வயலில், சின்ன வயதில் அதை ஒரு விளையாட்டாகவே செய்திருக்கிறேன். அந்தக் காற்றில் பூமியைச் சூடாக்கும் மீத்தேன் வாயு இருக்கிறது என்பதும், மீத்தேனுக்கு மணமே கிடையாது, நாற்றம் அதோடு சேர்ந்து வரும் ஹைட்ரஜன் சல்பைடு போன்றவற்றுடையது என்பதும் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டவை.

சென்ற வாரம் அதே வரப்பில் நின்று பேசிக்கொண்டிருந்தபோது என் தாய்மாமா கேட்டார்: "ஏ மருமவனே, வயலும் சதுப்பும்தான் பூமியைச் சூடாக்குதுன்னு டிவியில சொல்லுதான். அப்பம் சதுப்பையெல்லாம் வெட்டி வடிச்சுட்டா சோலி முடிஞ்சுரும்லா?" கூடாது மாமா என்று மட்டும் அப்போது சொன்னேன். ஏன் கூடாது என்பதை வரப்பில் நின்று சொல்லி முடிக்க முடியாது என்பதால் இங்கே எழுதுகிறேன். படித்தவர்கள் பலரும் மாமாவைப் போலவே கணக்குப் போடுகிறார்கள் என்பது இன்னொரு காரணம்.

நீர் தேங்கிய மண்ணுக்குள் நடப்பதைக் கல்யாண வீட்டுப் பந்தியாக நினைத்துக்கொள்ளலாம். தண்ணீருக்குள் ஆக்ஸிஜன் பரவும் வேகம், காற்றில் அது பரவும் வேகத்தில் ஏறத்தாழ 10,000-இல் ஒரு பங்குதான். ஆகவே தண்ணீர் கட்டிய சில நாட்களுக்குள் மண்ணில் எஞ்சியிருந்த ஆக்ஸிஜனை நுண்ணுயிர்கள் தீர்த்துவிடுகின்றன. அடுத்த பந்தி நைட்ரேட்டைச் சுவாசிப்பவர்களுக்கு, அதன் பிறகு மாங்கனீசு, இரும்பு, சல்பேட் என்று வரிசை போகிறது. இவையெல்லாம் தீர்ந்த பிறகு கடைசிப் பந்திக்கு வருபவைதாம் மீத்தேன் ஆக்கும் நுண்ணுயிர்கள். பார்வைக்கு பாக்டீரியா போல இருந்தாலும் இவை பாக்டீரியா அல்ல. உயிரியலாளர்கள் கார்ல் வோஸும் ஜார்ஜ் ஃபாக்ஸும் 1977-இல் இவற்றின் மரபுப் பொருளை ஒப்பிட்டுப் பார்த்து, இது தனிக் குலம் என்று காட்டினார்கள். ஆர்க்கியா என்று இன்று சொல்லப்படும் பெரும் பிரிவு அப்படித்தான் வெளிச்சத்துக்கு வந்தது. இந்த ஆர்க்கியாக்களால் இலையையோ வைக்கோலையோ நேரடியாகத் தின்ன முடியாது. வேறு நுண்ணுயிர்கள் செல்லுலோஸை உடைத்து, சர்க்கரையாக்கி, நொதிக்கவைத்து, அசிட்டேட், ஹைட்ரஜன், கார்பன் டை ஆக்ஸைடு என்ற எளிய மிச்சங்களாக விட்டுச்சென்றால், அவற்றைக் கொண்டுதான் இவை பிழைக்கின்றன. சில வகைகள் அசிட்டேட்டைப் பிளந்து மீத்தேன் ஆக்குகின்றன, வேறு சில ஹைட்ரஜனையும் கார்பன் டை ஆக்ஸைடையும் சேர்த்து ஆக்குகின்றன. முந்தைய பந்திக்காரர்களுக்குச் சாப்பாடு தீராமல் இருக்கும் இடத்தில் இவற்றுக்கு வேலை குறைவு. தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னக்காயல் பக்கத்து அலையாத்திச் சேற்றில் கடல்நீரின் சல்பேட் வந்துகொண்டே இருப்பதால், நன்னீர்ச் சேற்றைவிட அங்கே மீத்தேன் குறைவாக உண்டாவதே இயல்பு.

(கொள்ளிவாய்ப் பிசாசு என்று ஊரில் பயமுறுத்தியது இந்த வாயுவைத்தான் என்று இப்போது எல்லோரும் சொல்லிவிடுகிறோம். மீத்தேன் எரியும் என்பது சரி. 1776-இல் இத்தாலியில் வோல்டா என்ற விஞ்ஞானி ஓர் ஏரியின் சேற்றைக் கிளறி அதைப் பிடித்து எரித்தே காட்டினார். ஆனால் தீப்பொறி இல்லாமல் அது தானாகப் பற்றாது. ஆகவே பிசாசின் கதை இன்னும் முழுதாகத் தீரவில்லை.)

உண்டான மீத்தேன் எல்லாம் வெளியே வந்துவிடுவதும் இல்லை. மேல் மண்ணில் ஆக்ஸிஜன் தொடும் மெல்லிய படலத்தில் மீத்தேனையே உணவாகக் கொள்ளும் பாக்டீரியாக்கள் காத்திருந்து ஒரு பெரும் பங்கைத் தின்றுவிடுகின்றன. அவற்றிடம் சிக்காமல் தப்பிக்கும் குறுக்கு வழி செடிக்குள் இருக்கிறது. பத்தமடைப் பாய்க்கு அறுக்கும் கோரையை எடுத்து நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே பஞ்சு போன்ற சோறு, அதற்குள் காற்றறைகள். சேற்றில் நிற்கும் வேருக்குக் காற்றைக் கொண்டுபோக ஏற்பட்ட வழி அது. அதே வழியாகத்தான் மண்ணுக்குள் இருக்கும் மீத்தேனும் புகைபோக்கியில் ஏறுவது போல் ஏறி வெளியே போகிறது. நெல்லிலும் இதே கதைதான், வயலிலிருந்து வெளியேறும் மீத்தேனில் பெரும்பகுதி தாளின் வழியாகவே போகிறது. தென்கிழக்காசியாவின் போர்னியோ தீவுச் சதுப்புக் காடுகளில் மரங்களின் அடித்தண்டே மீத்தேனை விடுவதை 2013-இல் வெளியான ஓர் ஆய்வு அளந்து காட்டியது. அதுவரை தரையில் மட்டும் பெட்டியைக் கவிழ்த்து அளந்துகொண்டிருந்தவர்களுக்கு அது பெரிய அதிர்ச்சி.

இனி மாமாவின் கேள்விக்கு வருகிறேன். பெரும் சதுப்புகள் பலவற்றின் அடியில் இருப்பது பீட். பீட் என்பது முழுதாக மக்காத தாவரப் பொருள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் படிந்து உண்டான மண். நம் மாநிலத்திலேயே நீலகிரியின் சோலைப் புல்வெளிப் பள்ளங்களில் கொஞ்சம் இருக்கிறது. சூழலியலாளர் ஆர். சுகுமாரும் அவருடன் பணியாற்றியவர்களும் 1993-இல் அந்தப் பீட்டின் கார்பனைப் படித்து, 20,000 ஆண்டுகளுக்குப் பின்னோக்கிப் பருவமழையின் ஏற்ற இறக்கத்தைச் சொன்னார்கள். பெரிய அளவில் பார்க்க வேண்டுமானால் இந்தோனேசியாவுக்கும் காங்கோ படுகைக்கும் போக வேண்டும். காங்கோவின் நடுவே இருக்கும் பீட் பரப்பு 1,45,500 சதுர கிலோமீட்டர் என்று 2017-இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. தமிழ்நாட்டை அதற்குள் வைத்தாலும் இடம் மீதி இருக்கும். அதில் அடங்கியுள்ள கார்பன் சுமார் 3,000 கோடி டன்.

அவ்வளவு வெயிலிலும் ஈரத்திலும் அது ஏன் மக்கிப்போகவில்லை? தென்கிழக்காசியப் பீட் பெரும்பாலும் மரக்கட்டையாலும் வேராலும் ஆனது, மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் மிகுந்தது, புளிப்பேறியது. அதன் அமிலக் குறியீடு (pH) பெரும்பாலும் 3-க்கும் 4-க்கும் இடையில்தான். லிக்னினையும் ஃபீனால் வகைச் சேர்மங்களையும் உடைக்கும் நொதிகளுக்கு ஆக்ஸிஜன் தேவை. நீர் நிற்கும் வரை அவை சும்மா இருக்கின்றன. உடைபடாமல் தேங்கும் ஃபீனால்கள் மற்ற நொதிகளின் கையையும் கட்டிப்போடுகின்றன. ஆகவே அங்கே மீத்தேன் ஆக்கும் உயிர்கள் இருந்தாலும் அவற்றுக்குக் கிடைப்பது புது இலையும் வேர்க்கசிவும் தரும் சொற்பச் சாப்பாடுதான். பெட்டகம் பூட்டியே இருக்கிறது, தண்ணீர்தான் அதன் பூட்டு.

அந்தப் பூட்டை உடைத்தவர்கள் நெல்லுக்காகத்தான் உடைத்தார்கள் என்பது நம்மைப் போன்ற நெல் நாட்டுக்காரர்கள் கவனிக்க வேண்டியது. 1990-களின் நடுவில் இந்தோனேசியாவின் சுகார்த்தோ அரசு போர்னியோ தீவின் மத்திய கலிமந்தானில் 10 லட்சம் ஹெக்டேர் சதுப்பு நிலத்தை வயலாக்கத் திட்டம் போட்டது. 4,000 கிலோமீட்டருக்கும் மேல் கால்வாய் வெட்டினார்கள், ஜாவாவிலிருந்து குடும்பங்களைக் கொண்டுபோய்க் குடியேற்றினார்கள். சத்தில்லாத அந்தப் புளித்த மண்ணில் எதிர்பார்த்த நெல் விளையவில்லை; 1999-இல் திட்டம் கைவிடப்பட்டது. இதற்கிடையில் எல் நினோ வறட்சி வந்தது. 1997-இல் இந்தோனேசியப் பீட்டும் காடும் எரிந்ததில் 81 கோடி முதல் 257 கோடி டன் வரை கார்பன் வெளியேறியிருக்கும் என்று பின்னர் மதிப்பிட்டார்கள். தீப்பிடிக்காவிட்டாலும் வடித்த பீட் சும்மா இருப்பதில்லை. காற்று புகுந்ததும் ஆக்ஸிஜன் பந்திக்காரர்கள் ஆயிரம் ஆண்டுச் சேமிப்பில் கைவைக்கிறார்கள். எண்ணெய்ப்பனைக்காக வடித்த வெப்பமண்டலப் பீட், ஹெக்டேருக்கு ஆண்டுதோறும் ஏறத்தாழ 40 டன் கார்பன் டை ஆக்ஸைடை விடுகிறது என்று ஐ.நா.வின் பருவநிலைக் குழுவான ஐபிசிசி கணக்கு வைத்திருக்கிறது. நிலம் முதல் சில ஆண்டுகளில் மளமளவென்றும் பின்னர் ஆண்டுக்குச் சுமார் 5 சென்டிமீட்டரும் அமிழ்கிறது. வேடிக்கை என்னவென்றால், மீத்தேனும் முழுதாக ஒழிவதில்லை. வடிகால் வாய்க்கால்களில் தேங்கும் நீரிலிருந்து அது கிளம்பிக்கொண்டே இருக்கிறது.

மீத்தேன் ஒரு டன்னுக்கு ஒரு டன் பார்த்தால் கொடியது என்பதை நான் மறுக்கவில்லை. நூறாண்டுக் கணக்கில் அது கார்பன் டை ஆக்ஸைடைப் போல 27 மடங்குக்கும் மேல் சூடாக்கும், இருபதாண்டுக் கணக்கில் 80 மடங்கு. ஆனால் அதன் ஆயுள் பத்து, பன்னிரண்டு ஆண்டுகள். ஈரமான சதுப்பு விடும் மீத்தேன் ஒரு பக்கம் சேரச் சேர மறுபக்கம் சிதைந்துகொண்டிருக்கிறது. வடித்த சதுப்பு விடும் கார்பன் டை ஆக்ஸைடு பேரப்பிள்ளை காலத்திலும் வானத்தில் இருக்கும். வாய்க்காலை அடைத்து மறுபடி நனைக்கும்போது கொஞ்ச காலம் மீத்தேன் கூடத்தான் செய்யும். அதைப் பெரிதாக்கிக் காட்டி, நனைப்பதே தவறு என்று வாதிடுபவர்கள் கணக்கின் ஒரு பத்தியை மட்டும் படிக்கிறார்கள் என்பேன்.

நம் வயலுக்கு இந்த நியாயம் பொருந்தாது. இங்கே நுண்ணுயிர்கள் தின்பது இந்த வருஷத்துக் குழையும் போன பூவின் (சாகுபடியின்) தாளும். காயவிட்டால் கரைந்துபோக ஆயிரம் ஆண்டுப் பெட்டகம் எதுவும் கீழே இல்லை. ஆகவே காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் விடுவதுதான் சரி. துளையிட்ட குழாயை வயலில் புதைத்து, நீர் மண்ணுக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கிய பின் மறுபடி பாய்ச்சினால் மீத்தேன் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ குறைகிறது. பூக்கும் சமயத்தில் மட்டும் தண்ணீர் நிற்க வேண்டும். தழைச்சத்து உரத்தை அள்ளிப் போட்டால் நைட்ரஸ் ஆக்ஸைடு என்ற இன்னொரு சூடாக்கும் வாயு கூடும் என்பதையும் இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும், பலர் சொல்வதில்லை.

சென்ற பிசானத்தில் நானும் குழாய் புதைத்தேன். அளவு இறங்கிய அன்று மடையைத் திறக்கப் போனால் வாய்க்காலில் தண்ணீர் இல்லை. முறை மாறி மூன்று நாள் கழித்து ராத்திரியில் வந்தது. அதற்குள் வயலில் மயிர்க்கோடு போல வெடிப்பு விழுந்திருந்தது. எங்கள் நீர்ப்பாய்ச்சி அண்ணாச்சி என்னைக் கேட்காமலே வரப்பு வழிய நிரப்பிவிட்டார். "அடுத்த முறை எப்பம் வருமோ, யாருக்குத் தெரியும்" என்றார். அவரிடம் 15 சென்டிமீட்டர் கணக்கைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கடைமடைக்காரனுக்கு மீத்தேன் பற்றி வகுப்பெடுப்பதற்கு முன்னால், முறைத் தண்ணீர் எந்தெந்தத் தேதியில் வரும் என்பதை நாற்றுப் பாவும்போதே எழுதி மடையில் ஒட்டினால், இந்த வருஷமும் குழாயைப் புதைக்க நான் தயார். அண்ணாச்சியும் சம்மதித்திருக்கிறார்.