"உங்க அப்பாவுக்கு அனுப்பட்டுமா?"

கடந்த ஆண்டு காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரத்தில், மதிய உணவு இடைவேளையின்போது என் மாணவி ஒருத்தி வேதியியல் ஆய்வகத்துக்கு வந்து நின்றாள். அவள் யாரென்று தெரிந்துவிடக் கூடாது என்பதால் சில விவரங்களை மாற்றியும் சிலவற்றை விட்டும் எழுதுகிறேன். சாப்பிட்டாயா என்று கேட்டதற்குப் பதில் சொல்லாமல், சாப்பாட்டுப் பைக்குள் கைவிட்டு, டிபன் பாக்ஸுக்கு அடியில் கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்த தன் அம்மாவின் கைப்பேசியை எடுத்து மேசைமேல் வைத்தாள். பள்ளிக்குக் கைப்பேசி கொண்டுவரக் கூடாது என்பது எங்கள் விதி. அந்த விதியைப் பற்றி அன்று நான் வாய் திறக்கவில்லை என்பதை நினைத்தால் இப்போதும் நிம்மதியாக இருக்கிறது.

உறவுக்காரர் திருமணத்தில் தாவணியோடு எடுத்துக்கொண்ட படத்தை அவள் இன்ஸ்டாகிராமில் முகப்புப் படமாக வைத்திருந்தாள். யாரோ ஒருவன் அந்த முகத்தை வெட்டி எடுத்து, வேறொரு உடலோடு பொருத்தி அவளுக்கே அனுப்பியிருந்தான். அதற்குப் பிறகு பதினோரு நாட்கள் மிரட்டல். முதலில் இன்னொரு படம் கேட்டிருக்கிறான். அவள் மறுத்ததும் பணம் கேட்டிருக்கிறான். அம்மாவின் ஜிபேயிலிருந்து 1,500 ரூபாய் அனுப்பிவிட்டு, வங்கியிலிருந்து வந்த குறுஞ்செய்தியை அவள் அழித்திருக்கிறாள். பணம் போன மறுநாளே அவன் 5,000 கேட்டிருக்கிறான்.

அந்த உரையாடலை மேலிருந்து கீழ்வரை படித்தேன். இணையத்தில் போட்டுவிடுவேன் என்று அவன் ஓரிரு முறைதான் சொல்லியிருந்தான். திரும்பத் திரும்ப அவன் எழுதியிருந்தது வேறு: "உங்க அப்பாவுக்கு அனுப்பட்டுமா?"

"இத்தனை நாள் ஏம்மா யார்கிட்டயும் சொல்லல?" என்று கேட்டேன். "சொன்னா போனப் புடுங்கிடுவாங்க மிஸ். அப்பா ஸ்கூலுக்கே போக வேணாம்னுடுவாரு" என்றாள். அந்தப் படம் பொய் என்பது அவளுக்குத் தெரியும். தன்மேல் தவறில்லை என்பதும் தெரியும். ஆனாலும் முகம் தெரியாத அந்த ஆளைவிடத் தன் வீட்டைப் பார்த்தே அவள் அதிகம் பயந்திருக்கிறாள். அவனுக்கு அவளைப் பற்றி ஒன்றும் தெரியாது. நம் வீடுகளைப் பற்றி நன்றாகத் தெரிந்திருக்கிறது. பிள்ளைகளின் இணையப் பாதுகாப்பு என்று நாம் பேசுவதெல்லாம் கடவுச்சொல்லிலும் பூட்டிலும் தொடங்குகிறது. ஏதாவது நடந்தால் பிள்ளை முதலில் நம்மிடம் வந்து சொல்லுமா என்ற கேள்வியில்தான் அது தொடங்க வேண்டும் என்று அன்றிலிருந்து உறுதியாக நம்புகிறேன்.

இதைச் சொல்லும் நானே அந்தத் தவற்றைச் செய்தவள். என் மகன் ஒன்பதாம் வகுப்பு படித்தபோது, ஆன்லைன் விளையாட்டில் கூட ஆடும் ஒரு ஆள் தன்னுடைய வாட்ஸ்அப் எண்ணைக் கேட்கிறான் என்று அவனாகவே வந்து சொன்னான். நான் செய்த முதல் காரியம், கைப்பேசியை வாங்கி ஒரு மாதம் பீரோவில் வைத்துப் பூட்டியது. தவறு செய்தவன் எங்கோ இருக்க, உண்மையைச் சொன்ன பிள்ளைக்குத் தண்டனை கொடுத்தேன். அதற்குப் பிறகு நெடுநாள் அவன் எதையும் என்னிடம் கொண்டுவரவில்லை. அவன் ஒழுங்காகிவிட்டான் என்று அப்போது நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பொள்ளாச்சி வழக்கை நாம் மறந்திருக்க முடியாது. முகநூல் வழியாகப் பழகி, வரவழைத்து, படமெடுத்து, அந்தப் படத்தை வைத்தே மிரட்டிய அந்தக் கும்பல் பலகாலம் பிடிபடாமல் இருந்ததற்குக் காரணம், பாதிக்கப்பட்ட பெண்கள் வீட்டில் சொல்ல அஞ்சியதுதான். 2019 பிப்ரவரியில் ஒரு கல்லூரி மாணவி புகார் கொடுத்த பிறகே அது வெளியே வந்தது. அப்படித் துணிந்து வந்தவரின் அடையாளத்தைக் காவல்துறையே பொதுவில் வெளியிட்ட கொடுமையும் நடந்தது. அதைப் பார்த்துவிட்டு எத்தனை பெண்கள் வாயை மூடிக்கொண்டார்களோ! அதையும் மீறி எட்டுப் பெண்கள் நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார்கள், ஒருவர்கூடப் பிறழவில்லை. 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் சிறை விதித்தது.

சட்டம் பிள்ளையின் பக்கம் நிற்கிறது என்பதைப் பெற்றோர் பலர் அறிந்திருக்கவில்லை. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளையின் ஆபாசப் படத்தை வெளியிடுவேன் என்று மிரட்டுவதையே பாலியல் துன்புறுத்தலாகக் கருதுகிறது; அந்தப் படம் உண்மையாக இருந்தாலும் இட்டுக்கட்டியதாக இருந்தாலும் குற்றம் குற்றமே என்று 11ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. செயற்கை நுண்ணறிவுச் செயலிகளில் போலி நிர்வாணப் படம் செய்வது பெருகியிருக்கும் இந்நாளுக்கும் அது பொருந்தும். 24ஆம் பிரிவின்படி, பிள்ளையின் வாக்குமூலத்தை வீட்டிலோ பிள்ளை விரும்பும் இடத்திலோதான் பதிவு செய்ய வேண்டும். கூடியவரை பெண் உதவி ஆய்வாளரோ அவருக்கு மேற்பட்ட பெண் அதிகாரியோ வர வேண்டும். சீருடையில் வரக் கூடாது. பெயரோ, படமோ, பள்ளியோ ஊடகத்தில் வரக் கூடாது என்பதும் சட்டமே. இப்படியொரு குற்றம் தெரியவந்தால் புகார் தெரிவிப்பது நம் கடமை, மறைப்பது தண்டனைக்குரியது. ஆசிரியை என்ற முறையில் "பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போடும் உரிமை எனக்கு இல்லை.

சட்டம் இவ்வளவு சொல்லியும், நாங்கள் புகாரோடு போய் நின்ற இடத்தில் எழுதுமேசையில் இருந்தவர் கேட்ட முதல் கேள்வி, "நீ எதுக்கும்மா போட்டோ போட்ட?" என்பதுதான். தாவணி கட்டிய படத்தை முகப்பில் வைத்தது குற்றமா என்று நான் திருப்பிக் கேட்டேன். பின்னர் சாதாரணப் புடவையில் வீட்டுக்கு வந்த பெண் அதிகாரி ஒரு மணி நேரம் அவளருகில் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டார் என்பதையும் சொல்ல வேண்டும்.

இப்படி ஒன்று நேரும்போது முதல் ஒரு மணி நேரம் மிக முக்கியமானது. எல்லோருக்கும் வரும் முதல் எண்ணம் கணக்கையே அழித்துவிடலாம் என்பது; அவளும் அதற்குத்தான் துடித்தாள். அழித்தால் சாட்சியும் சேர்ந்து போய்விடும். மிரட்டியவனின் பயனர் பெயரும் தேதியும் நேரமும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, பணம் போயிருந்தால் அதன் பரிவர்த்தனை எண்ணையும் குறித்துக்கொண்ட பிறகே அவனைத் தடுக்க வேண்டும். மேற்கொண்டு ஒரு ரூபாய்கூட அனுப்பக் கூடாது. கொடுத்தால் விட்டுவிடுவான் என்று நம்பி அனுப்பும் ஒவ்வொரு தொகையும் அடுத்த மிரட்டலுக்கே வழி செய்கிறது. பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930ஐ அழைக்க வேண்டும்; குழந்தைகளுக்கான உதவி எண்ணான 1098ஐ எந்த நேரமும் அழைக்கலாம். cybercrime.gov.in என்ற அரசுத் தளத்தில் பெண்கள், குழந்தைகளுக்கெதிரான குற்றங்களுக்குத் தனிப் பகுதி இருக்கிறது. இவற்றோடு, அமெரிக்காவின் காணாமற்போன, சுரண்டப்பட்ட குழந்தைகளுக்கான தேசிய மையம் நடத்தும் "டேக் இட் டவுன்" என்ற இலவசச் சேவையும் நம் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதில் படத்தை யாருக்கும் அனுப்ப வேண்டியதில்லை. படத்துக்கான கைரேகை போன்ற ஓர் எண்குறியீடு நம் கருவியிலேயே உருவாகி, அது மட்டும் போகிறது. இணைந்துள்ள தளங்கள் அதைக் கொண்டு படத்தைக் கண்டறிந்து நீக்குகின்றன. வாட்ஸ்அப் போல, பேசுபவர்களைத் தவிர வேறு யாரும் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்த உரையாடல்களுக்குள் இது எட்டாது.

ஆண்பிள்ளைகளைப் பெற்றவர்கள் இதையெல்லாம் பெண்பிள்ளை வீட்டுக் கவலை என்று கடந்துவிடுகிறார்கள். பெண் பெயரில் நட்பு வேண்டுகோள், இரண்டே நாளில் வீடியோ கால், அதைத் திரைப்பதிவு செய்து பணம் பறிப்பது என்று பையன்களைக் குறிவைத்தே இயங்கும் கும்பல்கள் இருக்கின்றன. "ஆம்பளப் பையன் அழக்கூடாது" என்று வளர்க்கப்பட்டவன் இதை யாரிடம் போய்ச் சொல்வான்? அவமானத்தில் உயிரை விடத் துணிந்த பிள்ளைகளும் உண்டு என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் வந்த ஒரு படத்தை விளையாட்டாக அடுத்தவருக்குத் தட்டிவிடும் பையன்களுக்கும் இதைச் சொல்லியாக வேண்டும். குழந்தைகளின் ஆபாசப் படத்தைப் பதிவிறக்கிப் பார்ப்பது மட்டும் குற்றமாகாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜனவரியில் அளித்த தீர்ப்பை, அதே ஆண்டு செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது.

வயது வரம்பு, அந்தரங்கக் கணக்கு, பெற்றோர் கண்காணிப்பு ஆகியவை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆஸ்திரேலியா பதினாறு வயதுக்குட்பட்டவர்களுக்குச் சமூக ஊடகக் கணக்கையே தடுத்திருக்கிறது. இன்ஸ்டாகிராமும் பதின்பருவத்தினரின் கணக்குகளைத் தானாகவே அந்தரங்கக் கணக்காக வைக்கிறது. ஆனால் என் வகுப்பில் பாதிப் பேர் பிறந்த ஆண்டை மாற்றிக் கொடுத்துத்தான் கணக்கு தொடங்கியிருக்கிறார்கள். மீதிப் பேர் அம்மாவின் கணக்கில் இருக்கிறார்கள்.

அன்று மாலை அவளுடைய பெற்றோரைப் பள்ளிக்கு வரச் சொன்னேன். அம்மா அழுதார். அப்பா அந்தக் கைப்பேசியைப் பார்த்த பார்வையில், அவள் பயந்தது அத்தனையும் நடந்துவிடும் என்றே தோன்றியது. "இனி போனே வேணாம் டீச்சர்" என்று தொடங்கியவரை வராந்தாவுக்கு அழைத்துப்போய், "அவன் உங்க பேரச் சொல்லித்தாங்க பதினோரு நாளும் மிரட்டியிருக்கான்" என்று சொல்லி, அந்த வரிகளைக் காட்டினேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு உள்ளே வந்து, மகளுக்கு எதிரே இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். "என் நம்பர நீயே அவனுக்குக் குடும்மா. அனுப்பச் சொல்லு" என்றார். பதினோரு நாளும் அடக்கி வைத்திருந்ததை அப்போதுதான் அவள் வாய்விட்டு அழுதாள்.

எண்ணைக் கொடுக்கத் தேவையிருக்கவில்லை. மறுநாள் எழுதிய புகாரில், தகவல் தருபவரின் பெயர் என்ற இடத்தில் அவள் அப்பா தன் பெயரைத் தன் கையாலேயே எழுதிக் கையெழுத்திட்டார்.