மிஷினைக் கேட்காதீர்கள், "எதுக்கு?" என்று ஆளைக் கேளுங்கள்

வீட்டிலேயே துப்பாக்கி செய்தார்கள் என்று எங்காவது ஒரு செய்தி வந்தால் போதும், கம்ப்யூட்டர் டிசைனை வைத்து பிளாஸ்டிக்கை அடுக்கடுக்காக இழைத்துச் சாமான் செய்கிற 3டி பிரிண்டருக்கு லைசென்ஸ் கொண்டுவா, யூடியூபைத் தடை செய் என்று ஆளாளுக்கு ஆரம்பித்துவிடுகிறார்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத், மில்லிங், இப்போது ஒரு சின்ன 3டி பிரிண்டர் என்று நாள் முழுக்க மிஷின்களோடு பிழைக்கிறவன் நான். இந்தப் பேச்சு தப்பான இடத்தில் கையை வைக்கிறது என்பதுதான் என் கருத்து. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

பிரிண்டர் பயம் 2013 மே மாதம் ஆரம்பித்தது. டெக்சாஸைச் சேர்ந்த கோடி வில்சன் 'லிபரேட்டர்' என்ற பிளாஸ்டிக் கைத்துப்பாக்கியை பிரிண்டரில் அடிப்பதற்கான டிசைன் ஃபைலை இணையத்தில் போட்டார். அமெரிக்க வெளியுறவுத் துறை அதை எடுக்கச் சொல்வதற்குள், இரண்டே நாளில் சுமார் 1 லட்சம் முறை டவுன்லோடு ஆகிவிட்டது. அதே மாதம் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் போலீஸ் அதைச் செய்து சுட்டுப் பார்த்தபோது ஒன்று வெடித்துச் சிதறியது. சுடுகிறவன் கையையே கொண்டுபோகிற சாமான் அது. ஆனால் விஷயம் அங்கேயே நிற்கவில்லை. 2020-ல் ஜெர்மனியிலிருந்த ஒருவர் வெளியிட்ட எஃப்ஜிசி-9 என்ற துப்பாக்கியின் டிசைன், 2021 ராணுவப் புரட்சிக்குப் பிறகு மியான்மரில் எதிர்ப்புப் படையினர் கைக்குப் போனது. ஆக, பயமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

ஆனால் 2022 ஜூலை 8 அன்று ஜப்பானின் நாரா நகரத்தில் முன்னாள் பிரதமர் ஷின்சோ அபேயைக் கொன்ற துப்பாக்கி பிரிண்டரில் அடித்ததா? இல்லை. டேப் சுற்றிய இரட்டைக் குழாய். துப்பாக்கிச் சட்டம் உலகத்திலேயே மிகக் கடுமையாக இருக்கிற நாடுகளில் ஒன்று ஜப்பான். அங்கே ஒரு தனி ஆள் வீட்டில் உட்கார்ந்து செய்தான், யாருக்கும் தெரியவில்லை. நம் நாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். பீகாரின் முங்கேர் கம்ப்யூட்டர் வருவதற்கு எத்தனையோ தலைமுறை முன்பிருந்தே துப்பாக்கி செய்கிற ஊர். 18-ஆம் நூற்றாண்டில் வங்காள நவாப் மீர் காசிம் தலைநகரத்தை அங்கே மாற்றி ஆயுதப் பட்டறை வைத்த காலத்துக் கைவேலை அது. இந்தியாவில் போலீஸ் பிடிக்கிற துப்பாக்கிகளில் பெரும்பாலானவை லைசென்ஸ் இல்லாத நாட்டுத் துப்பாக்கிகள்தான்.

எங்கள் பட்டறையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு சாயங்காலம் ஷட்டர் இறக்கப் போகிற நேரத்தில் ஒரு பையன் வந்தான். கையில் ஒரு இரும்புத் துண்டு, டிராயிங் கிடையாது, அளவையெல்லாம் கிழிந்த அட்டையில் பேனாவால் எழுதி வைத்திருந்தான். பில் வேண்டாம், காசு கூடத் தருகிறேன், இப்போதே வேண்டும் என்றான். எங்கள் மூத்த ஆபரேட்டர் அந்தத் துண்டை வாங்கி, வெளிச்சத்தில் தூக்கி, கட்டை விரலால் ஓரத்தைத் தடவிப் பார்த்தார். அப்புறம் சாதாரணமாகக் கேட்டார்: "எதுக்கு தம்பி இது?" பம்புக்கு என்றான். "எந்தக் கம்பெனி பம்பு? பழசைக் கொண்டா, பார்த்துச் செஞ்சு தரேன்." நாளைக்குக் கொண்டுவருகிறேன் என்று போனவன் திரும்ப வரவே இல்லை. அவன் நிஜமாகவே பம்புக்குத்தான் கேட்டிருக்கலாம். ஆனால் அந்த ஒரு கேள்வியைக் கேட்க அங்கே ஒரு ஆள் இருந்தார் பாருங்கள், அதைத்தான் நான் பாதுகாப்பு என்கிறேன். லேத்தில் கை பழகியவர்களுக்கு ஒரு சாமானைப் பார்த்தால் அது எங்கே போய் உட்காரும் என்று தெரியும்.

பிரிண்டர் முன்னால் அப்படி யாரும் நிற்பதில்லை. டிசைன் ஃபைலைப் போட்டு பட்டனை அழுத்திவிட்டால் ராத்திரி முழுக்க அது பாட்டுக்கு ஓடும். இன்ஜினியரிங் காலேஜ் லேப்களில் பிரிண்டர் வாங்கி வைக்கிறார்கள், நல்ல விஷயம். அங்கே யார் என்ன அடித்தார்கள் என்று ஒரு நோட்டு இருக்கிறதா? பொறுப்பாக ஒரு ஆசிரியர் பக்கத்தில் இருக்கிறாரா? இதைக் கேட்பதை விட்டுவிட்டு மிஷினையே தடுக்கப் பார்ப்பது வீண். 2023-ல் நியூயார்க் மாநிலத்தில், பிரிண்டர் வாங்குகிறவரின் பின்னணியை விசாரிக்க வேண்டும் என்று ஒரு மசோதா கொண்டுவந்தார்கள். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் செல்போன் விலைக்குக் கிடைக்கிற சாமான் இது. வேலை செய்யும்போது சாமானை அசையாமல் பிடிக்கிற ஜிக் அடிக்கிறோம், பல் டாக்டருக்கு மாடல் அடிக்கிறார்கள், கை இழந்தவர்களுக்குச் செயற்கைக் கை அடிக்கிறார்கள். இவர்கள் எல்லோரையும் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நிறுத்துவது என்ன நியாயம்? அதே அமெரிக்காவில், அரைகுறையாகச் செய்து கிட்டாக விற்கிற துப்பாக்கியையும் துப்பாக்கியாகவே கருதி, சீரியல் நம்பரும் வாங்குகிறவர் பற்றிய விசாரணையும் வேண்டும் என்று 2022-ல் விதி போட்டார்கள். 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் 7-க்கு 2 என்று அதை ஏற்றுக்கொண்டது. அது சரியான இடத்தில் வைத்த பூட்டு.

நம்மிடம் சட்டத்துக்குக் குறைவில்லை. 1959 ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி செய்வதே குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள் தண்டனை. 2022 மே மாதம் சேலம் ஓமலூர் பக்கம் வாகனச் சோதனையில் துப்பாக்கியோடு 2 இளைஞர்கள் பிடிபட்டு, வழக்கு தேசியப் புலனாய்வு முகமையான என்.ஐ.ஏ. வரைக்கும் போனது. அந்த வயதில் எத்தனை பேருக்கு இந்த 7 ஆண்டு தெரியும்? துப்பாக்கி செய்கிற வீடியோவை யூடியூபில் பார்க்கிற பையனுக்கு அது ஒரு புராஜெக்ட் மாதிரி தெரிகிறது. சேனல்களும் எந்தப் பாகத்தை எப்படிச் சேர்த்தான் என்று கிராஃபிக்ஸ் போட்டுக் காட்டுகின்றன. தயவுசெய்து அதை நிறுத்துங்கள். அந்த நேரத்தில் தண்டனை எவ்வளவு என்று சொல்லுங்கள்.

இன்னொன்று, "எதுக்கு?" என்று கேட்டால் எல்லோரிடமிருந்தும் ஒரே பதில் வராது. தருமபுரி, கிருஷ்ணகிரி மலையோரத்தில் நாட்டுத் துப்பாக்கி வைத்திருக்கிற விவசாயியைக் கேட்டால், காட்டுப்பன்றி என்பார். ஒரே ராத்திரியில் மொத்த வெள்ளாமையும் போகிறது. நரிக்குறவர் மக்களுக்கு அந்தத் துப்பாக்கி தலைமுறை தலைமுறையாக வயிற்றுப்பாடு. இவர்களையும் கூலிப்படையையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. வழக்கு கிடையாது, கொண்டுவந்து ஒப்படையுங்கள் என்று போலீஸ் கூப்பிடுவது நல்ல வழி. ஆனால் ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குப் போனவரின் நிலத்தில் மறுநாளும் பன்றி இறங்கும். பயிர்ச் சேதத்துக்கான இழப்பீட்டை இழுத்தடிக்காமல் அந்தப் போகம் முடிவதற்குள் வனத்துறை கொடுக்கட்டும், வேலி போட உதவட்டும். துப்பாக்கி கேட்கிற அதே அதிகாரி, இழப்பீடு கேட்கிற மனுவையும் அன்றைக்கே கையில் வாங்கிக்கொண்டு போகட்டும்.