ஒன்றுமே செய்யாத மூன்று பையன்கள்

அக்கா மகன் பதினோராம் வகுப்பு. லீவுக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். ஜப்பானிய கார்ட்டூனான அனிமே என்றால் யாராவது யாரையாவது மலையோடு சேர்த்துப் பெயர்க்க வேண்டும் அவனுக்கு. நான் ‘டான்ஷி கோகோசெய் நோ நிச்சிஜோ’ போட்டுக் காட்டினேன். ‘ஆண்கள் உயர்நிலைப் பள்ளி மாணவர்களின் அன்றாடம்’ என்று தோராயமாகச் சொல்லலாம். பத்து நிமிடம் பொறுமையாகப் பார்த்துவிட்டுக் கேட்டான்: “மாமா, இவனுங்கள்ல யாருக்குமே பவர் கிடையாதா?”

கிடையாது.

“அப்போ கதை?”

அதுவும் கிடையாது. அதனால்தான் எனக்கு இது இவ்வளவு பிடிக்கிறது என்று சொன்னால் அவனுக்குப் புரியவில்லை. அந்த எரிச்சலில்தான் இந்தப் பதிவு.

முதலில் இது யாசுனோபு யமாவுச்சி வரைந்த மங்கா, அதாவது ஜப்பானியப் படக்கதை. ஸ்கொயர் எனிக்ஸ் நிறுவனத்தின் கங்கன் ஆன்லைன் இணைய இதழில் 2009 முதல் 2012 வரை வந்தது. மொத்தமே 7 தொகுதிகள். ததாகுனி, ஹிதெனோரி, யோஷிதகே என்று மூன்று பேர். படிப்பது ஆண்கள் பள்ளி. ஆனால் வகுப்பறையைத் தேடித்தான் பார்க்க வேண்டும். பள்ளி விட்டபின் யாராவது ஒருவன் வீட்டில் உருண்டுகொண்டிருப்பார்கள், இல்லாவிட்டால் தெருவில் சும்மா நடப்பார்கள். பரீட்சை, லட்சியம், காதல் எதுவும் கதையை இழுத்துக்கொண்டு போகாது. பொழுது போகாத பையன்கள் பொழுதைப் போக்குகிறார்கள், அவ்வளவுதான்.

அந்த ஆற்றங்கரைக் காட்சியைச் சொல்லாமல் இருக்க முடியாது. சாயங்கால நேரம், ஹிதெனோரி கரைப் புல்லில் தனியாக உட்கார்ந்திருக்கிறான். முன்பின் தெரியாத ஒரு பெண் வந்து அவனுக்குச் சற்றுப் பின்னால் உட்காருகிறாள். ஒரு வார்த்தை இல்லை. இவன் மண்டைக்குள் கணக்கு ஓடுகிறது: கதைகளில் வருகிற மாதிரி ஏதோ ஒன்றை இவள் எதிர்பார்க்கிறாள், இப்போது நான் ஏதாவது சொல்லியாக வேண்டும். வியர்த்து விறுவிறுத்து, கடைசியில் முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு, இன்று காற்று ஆர்ப்பாட்டமாக இருக்கிறது என்கிறான். சொன்ன மறுகணமே உள்ளுக்குள் கூனிக் குறுகிப்போகிறான். அவளோ பூரித்துப்போய், ஆனால் இந்தக் காற்று கொஞ்சம் அழுகிறது என்று பதில் சொல்கிறாள்! அந்த நேரம் பார்த்து யோஷிதகே வருகிறான். காற்று ஊருக்குள் ஏதோ கெட்டதைக் கொண்டுவந்துவிட்டது, சீக்கிரம் வா என்று அவனும் அதே குரலில் பேசுகிறான். பின்னாலேயே ததாகுனி ஓடிவந்து, பக்கத்துக் கடையில் உருளைக்கிழங்கு வறுவல் பாதி விலையாம் என்று கத்துகிறான். முடிந்தது.

இதில் அந்தப் பெண்ணையோ பையனையோ யாரும் முட்டாளாகக் காட்டவில்லை. இரண்டு பேரும் மற்றவர் மானத்தைக் காப்பாற்றத்தான் அந்த நாடகத்தைத் தொடர்கிறார்கள். எனக்குத் தெரிந்து பதினாறு வயதின் முக்கால்வாசி இதுதான். ஆரம்பித்துவிட்ட கூத்தை முதலில் நிறுத்துகிறவன் நாமாக இருக்கக் கூடாது. ஜப்பானில் சூனிபியோ என்று ஒரு சொல் உண்டு. எட்டாம் வகுப்பு வியாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். தனக்குள் ஏதோ ரகசிய சக்தி இருப்பதாக நினைத்துக்கொண்டு திரியும் வயதுக்கோளாறு. ஹிகாரு இஜுயின் என்ற நகைச்சுவைக் கலைஞர் 1999இல் தன் வானொலி நிகழ்ச்சியில் விளையாட்டாகச் சொல்லப்போய் நாடு முழுக்கப் பரவிய வார்த்தை. ஹிதெனோரிக்கு அந்த வயது தாண்டிவிட்டது. தான் பேசுவது எவ்வளவு அபத்தம் என்று அவனுக்கே நன்றாகத் தெரியும். தெரிந்தும் பேசியாக வேண்டியிருக்கிறது பாருங்கள், நான் சிரிப்பது அந்த இடத்தில்தான்.

இவ்வகை ‘அன்றாட’ மங்காக்களில் பெயர் வாங்கியவை பெரும்பாலும் பெண்பிள்ளைகளைப் பற்றியவை. 1999இல் தொடங்கிய ‘அசுமங்கா தைஓ’விலிருந்து அந்தக் கொடி பிடிக்கிறார்கள். பள்ளிப் பையன்கள் என்றால் ஒன்று அடிதடி, இல்லாவிட்டால் பேஸ்பால் மட்டையோடு, பள்ளிகளுக்கான தேசியப் போட்டி நடக்கும் கோஷியென் மைதானத்துக் கனவு. வெறுமனே உட்கார்ந்திருக்கும் உரிமை பையன்களுக்குக் குறைவாகவே கிடைத்தது.

குறை இல்லாமல் இல்லை. அக்கா தங்கைகளும் பள்ளிப் பெண்களும் பையன்களை அடித்துத் துவைப்பது முதல் இரண்டு தடவை சிரிப்பு, அப்புறம் எழுத்தாளருக்கு வேறு முடிவு தோன்றவில்லை போலிருக்கிறது என்ற சலிப்பு. பெண் பாத்திரங்களில் பெரும்பாலோருக்குக் கண்களே வரையப்பட்டிருக்காது, முடியோ நிழலோ மறைத்திருக்கும். முதலில் சோம்பேறித்தனம் என்று நினைத்தேன். இப்போது அதில் ஒரு நியாயம் தெரிகிறது. ஆண்கள் பள்ளியில் படிக்கும் பையன் எந்தப் பெண்ணை நேருக்கு நேர் கண்ணைப் பார்த்துப் பேசினான்? ஆனால் பெண்கள் மட்டும் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் தனிப் பகுதிகளும் இதில் உண்டு. அங்கே அந்த நியாயம் நொண்டுகிறது.

இன்னொரு விசித்திரம். மூவரில் ததாகுனிதான் பேருக்கு நாயகன். ஓரளவு புத்தி உள்ளவனும் அவன்தான், மற்ற இருவர் உளறும்போது ‘டேய்’ என்று அதட்டுகிறவன். போகப்போக அவன் தலையே தென்படாது. அதட்ட ஆள் இல்லாமல் மற்ற இருவரின் உளறல் இன்னும் உயரப் பறக்கிறது.

2012 ஜனவரியில் சன்ரைஸ் நிறுவனம் இதை அனிமே ஆக்கியது. இயக்கியவர் ஷின்ஜி தகமாட்சு, ‘கின்டாமா’ என்ற நகைச்சுவை அனிமேவில் வேலை செய்த அதே ஆள். 12 எபிசோடுகள், ஒவ்வொன்றிலும் சின்னச் சின்னத் துணுக்குகளாக வரும். 2013இல் நடிகர்களை வைத்துத் திரைப்படமும் வந்தது. அதில் ததாகுனியாக நடித்தவர் மசாகி சுடா. மூன்று வருடம் கழித்து ‘செதோ உத்சுமி’ படத்திலும் இவர் இருக்கிறார். கசுயா கொனொமொட்டோவின் மங்காவை வைத்து எடுத்த படம் அது. கால்பந்துக் குழுவை விட்டுவிட்ட ஒருவனும், டியூஷன் தொடங்கும்வரை நேரத்தைக் கொல்ல வேண்டிய ஒருவனும் ஆற்றோரப் படிக்கட்டில் உட்கார்ந்து மேற்கு ஜப்பானின் கன்சாய் வட்டார வழக்கில் பேசிக்கொண்டே இருப்பார்கள். அங்கேயும் ஆற்றங்கரைதான்! நிதானமான பேச்சு பிடிக்கும் என்றால் அதிலிருந்து தொடங்குங்கள். வாய்விட்டுச் சிரிக்க வேண்டுமானால் முந்தையது.

பையன் ஊருக்குத் திரும்பிப் போய்விட்டான். நேற்று இரவு பதினொன்றரைக்கு வாட்ஸ்அப்பில் ஒரே ஒரு வரி வந்தது: “மாமா, இந்த ததாகுனி எங்கதான் போனான்?”